இடது கால்

"படத்தைப் பார்த்தியா, பார்க்காமலே எழுதினியா?"

பத்திரிகை ஆசிரியர் மாக் மேசையில் அறைந்த வேகத்தில் தேநீர்க் கோப்பை குதித்தது.

எதிரே நின்ற லியூங், ஹாங்காங்கிலேயே கண்டிப்பான சினிமா விமர்சகர். வியாழன்தோறும் வரும் அவரது 'நிறை – குறை' பத்திக்குப் பயப்படாத சண்டைப்பட இயக்குநர் கிடையாது.

"பார்த்தேன் சார்."

"அப்புறம் இது என்னய்யா? 'நிறை: மணிக்கூண்டு உச்சியிலிருந்து வில்லனின் அடியாள் கம்பி கட்டாமல் பாயும் காட்சி. பனிமூட்டத்துக்குள் அவன் மிதந்து இறங்கும்போது நாமும் மூச்சுவிட மறக்கிறோம்.' படத்துல மணிக்கூண்டே இல்லையாம்! நீளமா இருக்குன்னு அந்தக் காட்சியையே வெட்டிட்டாங்களாம். படக் கம்பெனிக்காரன் போன் போட்டுச் சிரிக்கிறான்."

லியூங் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே தூறல்.

"தியேட்டர்ல தூங்கிட்டியா? கனவு கண்டியா?"

"கனவு மாதிரிதான் இருந்துச்சு சார்."

மாக்குக்கு ரத்தம் கொதித்தது. "தப்பா எழுதிட்டேன்னு கையெழுத்துப் போடு. நாளைக்கே மறுப்பு வெளியிடறேன்."

"மறுப்பு மட்டும் வேணாம் சார். பத்தியை வேணா வேற யாருக்காவது குடுத்துடுங்க."

இருபது வருஷப் பத்தி. செய்த தப்புக்கு ஒரு கையெழுத்துப் போட மாட்டாராம், திமிரைப் பாருங்கள்!

"சரி, மறுப்பும் இல்ல, நீயும் இல்ல. கிளம்பு!"

லியூங் குடையை மறந்து கிளம்பினார். நனைந்துகொண்டே, படம் பார்த்த தியேட்டருக்குப் பின்னால் இருக்கும் கஞ்சிக் கடைக்குப் போய் ஓரமாக உட்கார்ந்தார். கடை முழுக்க ஆவி. ஆட்கள் மேகத்துக்குள் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல் இருந்தது.

பக்கத்து மேசையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர், கையில் வெள்ளைத் தடி. அருகில் அவர் மனைவி. கடைக்காரர் ஃபாட் கையில் இன்றைய பேப்பர்.

"படி ஃபாட். இவ சொல்றதை நான் நம்பத் தயாரா இல்ல."

"ஏங்க, நான்தான் தியேட்டர்லயே ஒவ்வொண்ணா சொன்னேனே?"

"சொன்னே. இறங்கறப்ப என் இடது கால் வழுக்குச்சே, திரையில தெரியுதான்னு கேட்டேன். 'அதெல்லாம் இல்ல, கல்லு மாதிரி நின்னீங்க'ன்னே. அப்பவே சந்தேகம். அதனாலதான் அங்கேயே, வியாழக்கிழமை பேப்பர் வரட்டும், அந்த லியூங் பொய் எழுத மாட்டான்னேன்." அவர் குரல் இறங்கியது. "அந்த ஒரு பாய்ச்சல்ல போன கண்ணு ஃபாட். அந்தப் பாய்ச்சலாவது படத்துல இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

மனைவியின் முகம் வெளுத்துப்போனது.

ஃபாட் நிறையை வாசித்தார். கறுப்புக் கண்ணாடிக்காரர் அசையவில்லை.

"இவ சொல்லிக் குடுத்துப் படிக்கிறியா? பாராட்டை யார் வேணா சொல்லலாம். குறையைப் படி."

"'குறை: தரையில் இறங்கும்போது அவன் இடது கால் வழுக்குகிறது.'"

கறுப்புக் கண்ணாடிக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடிக்குக் கீழே கன்னம் நனைந்தது.

"வழுக்குச்சுடி! பார்த்தியா, வழுக்கத்தான் செஞ்சுது! நான் படத்துல இருக்கேன்! ஃபாட், இன்னொரு தடவை படி!"

மனைவி ஒன்றும் புரியாமல் சுற்றிலும் பார்த்தாள். ஓரத்து மேசையில் அவள் பார்வை நின்றது. எழுந்து வந்தாள்.

"அன்னைக்கு எங்களுக்கு முன் வரிசையில நோட்டும் கையுமா இருந்தது..." அவள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "சத்தம் போடாதீங்கன்னு திரும்பி முறைச்சது நீங்கதானே?"

லியூங் கஞ்சிக் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"மன்னிச்சுக்கம்மா. அப்புறம்தான் அவர் கையில இருந்த தடியைக் கவனிச்சேன்... திரையில ஓடினதைவிட, நீங்க சொன்ன படம் நல்லா இருந்துச்சு."