பின்னால் ஒரு வேட்டி

"முகத்தை எவன் வேணாலும் எடுப்பாம்மா. லென்ஸோட லட்சணம் முகத்துக்குப் பின்னாடிதான் தெரியும்!"

சிதம்பரம் மேல வீதியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த தேவசகாயம் இரண்டு படங்களை மேஜைமேல் வைத்தார். இரண்டிலும் கறுப்பு அங்கியும் கையில் பட்டமுமாக அமராவதி உட்கார்ந்திருந்தாள். சுதந்திரம் வந்த அந்த வருஷம், அவள் தெருவிலேயே முதல் பி.ஏ. அவள்தான்.

கடலூர் வியாபாரி ஒருவர் நம்பிக் கொடுத்த, பழசு ஒன்றும் புதுசு ஒன்றுமான இரண்டு லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு, அவள் வீட்டுக் கொல்லையில் எடுத்த படங்கள். ஒரு லென்ஸை வைத்துக்கொண்டு மற்றதை இன்றே திருப்பியாக வேண்டும். தம் கண் தப்பாது என்பதில் தேவசகாயத்துக்கு அப்படியொரு பெருமை.

"இந்தப் பழைய லென்ஸைப் பாரு. பின்னாடி முருங்கை எலையெல்லாம் தேங்காத் துருவலைக் கொட்டுன மாதிரி இருக்குது. கொடியில காயிற வேட்டிக்கு ஓரங்கூட ரெட்டையாத் தெரியுது. புதுசுல பாரு, மரம், வேட்டி எல்லாம் நெய்யா உருகிப்போச்சு. உன் முகம் மட்டும் தனியா நிக்குது!"

அமராவதி இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பழைய லென்ஸ் படந்தான் வேணும் சார். அதையே பெருசாக்கிக் குடுங்க."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று வாய்வரை வந்ததை அவர் விழுங்கிக்கொண்டார். படம் எடுத்த அன்றைக்கும் இவள் படுத்திய பாடு கொஞ்சமா? நல்ல வெளிச்சத்தில் அவர் போட்ட நாற்காலியை, முருங்கை மரத்துக்கு நேராகத் திரும்பத் திரும்ப இழுத்துப் போட்டாள். போகட்டும் என்று கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர், அவள் முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

"யோசிச்சுச் சொல்லும்மா. அங்கி வாடகை அங்கி, திரும்பிப் போயாச்சு. மறுபடி எடுக்க முடியாது. கூடத்துல மாட்டி, நாலு பேர் பாக்கப்போற படம்."

"அதனாலதான் சார் சொல்றேன்."

"ஏம்மா, காயிற வேட்டி தெரியிறதா பெருமை?"

அமராவதி அந்த வெள்ளைத் திட்டை விரலால் மெல்லத் தடவினாள். பிறகு தலை நிமிர்ந்தாள்.

"அது வேட்டி இல்ல சார், எங்கம்மா. புவனகிரிச் சந்தையில கருவாடு வித்து என்னைப் படிக்க வச்சவங்க, தாலியறுத்தவ நல்ல நாள் படத்துல நிக்கக் கூடாதுன்னு மரத்தடிக்குப் போயிட்டாங்க; அதான் அவுங்களுக்கு நேரா நாற்காலிய இழுத்துப் போட்டேன்."