பெண் பார்க்கப் போன பூதம்

ஸ்ரீவில்லிபுத்தூரில், பெண் வீட்டுக் கிணற்றடியில் நின்று சோலைராஜ் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

முகத்து நீலம் சீயக்காய்க்குப் போய்விட்டது. காதும் கழுத்தும் மசியவில்லை.

நேற்றுவரை அவன் ராஜபாளையம் பொருட்காட்சியில் விளக்குப் பூதம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது பூதமாகவே இருந்தது. கரி பூசி, கொம்பு கட்டி, கோரைப்பல் மாட்டிக்கொண்டு புகைக்குள்ளிருந்து எழுந்தால் முன்வரிசையில் ஒரு பிள்ளையாவது டவுசரை நனைத்துவிடும். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

பிறகு ஊருக்குள் கேபிள் டி.வி. வந்தது. அதில் வந்த கார்ட்டூன் பூதம் நீலமாக இருந்தது, சிரித்தது. இனிமேல் பூதம் நீலமாகத்தான் இருக்க வேண்டும், சிரிக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். வேட்டிக்குப் போடும் நீலத்தை எண்ணெயில் குழைத்துப் பூசி, பல்லைக் காட்டி, "உத்தரவு எசமானே" என்று குனிந்தான். பிள்ளைகள் தொந்தியில் குத்திவிட்டுப் போனார்கள். வத்திராயிருப்பிலிருந்து வந்த ஓர் அம்மாள் மட்டும் பெருமாள் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டதுமே மற்ற வீடுகளில் பேச்சு நின்றுவிடும். இங்கே பெண்ணின் அப்பா தலையாட்டிவிட்டார். பெண்ணை நிமிர்ந்து பார்த்த ஒரு நொடியில் சோலைராஜின் மனசும் போய்விட்டது. இதுவும் தட்டிப் போனால் தாங்காது என்று அவனுக்கே தெரிந்தது.

அந்தப் பெண், பரிபூரணம், கையில் தேங்காய் நாரோடு கிணற்றடிக்கு வந்தாள்.

"பூதம் கேட்டதெல்லாம் குடுக்குமாமே?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பொருட்காட்சியில் உடுப்பு தைக்கிற மைதீன் பாய் சொன்னதையெல்லாம் அவிழ்த்துவிட்டான். ஆதியில் அதற்கு ஜின் என்று பேர். புகையில்லாத நெருப்பில் பிறந்தது. அதற்கும் குடும்பம், கோபதாபம் எல்லாம் உண்டு. விளக்கில் அடைத்து வேலைக்காரனாக்கியது பின்னால் வந்த கதைக்காரர்கள். மனசிருந்தால் செய்யும், இல்லாவிட்டால் போய்விடும்.

அவள் கவனமாகக் கேட்டாள்.

"அப்ப உத்தரவு போடலை, கேட்டுத்தான் பாக்கேன். என்னையப் பிடிக்கலைன்னு நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா வீட்டுல எடுபடாது."

ஏன் என்று சோலைராஜ் கேட்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. நாரை வாங்கிக்கொண்டு, சரி என்று தலையசைத்தான்.

கூடத்துக்கு வந்ததும் பெண் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டான். கூட வந்த மாமா பால்சாமி எழுந்தே விட்டார்.

"ஏலே, பிள்ளகிட்ட அப்படி என்னலே குறை?"

காரணம் எதையும் அவன் யோசித்து வைக்கவில்லை. ஊரில் எல்லா மாப்பிள்ளைகளும் சொல்வது எதுவோ அதுவே வாயில் வந்தது.

"நிறம் கொஞ்சம் ஒத்து வரலை மாமா."

கூடம் மொத்தமும் அவன் காதையே பார்த்தது.

உள்ளே பரிபூரணம் வாயைப் பொத்தியும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவனைப் பார்த்து எத்தனையோ பேர் சிரித்திருக்கிறார்கள். இந்த ஒரு சிரிப்பைக் கூடவே கூட்டிக்கொண்டு போக அவனுக்கு ஆசையாக இருந்தது.