நீல வண்டியின் எஞ்சின்

எஞ்சின் போர்டிகோவில் அந்தரத்தில் தொங்கியது.

ஊஞ்சல் கொக்கியில்தான். நேற்றுவரை அவள் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திய ஊஞ்சல், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. கொக்கியில் இப்போது பாரம் தூக்க வாடகைக்கு எடுத்து வந்த செயின் பிளாக். அதன் நுனியில் அவளுடைய எஞ்சின்.

ஆமாம், அவளுடையதுதான். நீல ஃபியட் யார் பெயரில் இருக்கிறது என்று ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து பார்த்தால் தெரியும்.

அவள் கணவனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?

அவனுடைய வெள்ளை ஃபியட் பழனிக்குப் போய்த் திரும்பும்போது செத்தது. சாகவில்லை, கொன்றான். ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சூடு காட்டும் முள் சிவப்பில் நிற்கிறது என்று பக்கத்து சீட்டிலிருந்து அவள் இரண்டு தடவை சொன்னாள். "அது அப்படித்தான் காட்டும்" என்றான் மகானுபாவன். உடுமலை தாண்டியதும் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

இரண்டே நாளில் தீர்ப்பு வந்தது. நீலத்தின் எஞ்சினைக் கழற்றி வெள்ளையில் வைப்பது.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு வண்டி எதுக்கு? உன்னைய நானே பள்ளிக்கூடத்துல எறக்கி உடறேன்."

எட்டரைக்கு எழுந்திருக்கிறவன். பள்ளிக்கூடத்தில் முதல் மணி எட்டே முக்காலுக்கு. நடுவில் பதினாலு கிலோமீட்டர்.

இனிமேல் ஒவ்வொரு காலையும் இவன் எப்போது கண் விழிப்பான் என்று வாசலில் நிற்க வேண்டும்.

கூட ஒத்தாசைக்கு அவன் அக்கா வீட்டுக்காரர் சென்னியப்பன். பாத்திரக்கடை வைத்திருக்கிறவர். ஆனால் கோயமுத்தூரில் பிறந்துவிட்டார், போதாதா? இந்த ஊர் ஆம்பிளைகளுக்குக் கையில் ஸ்பேனரோடு பிறந்ததாக நினைப்பு.

காலண்டரைக் கிழித்து நல்ல நேரம் வேறு பார்த்தார்கள். பத்தரையிலிருந்து பதினொன்றரைக்குள் எஞ்சினை இறக்கிவிட வேண்டுமாம்.

நேரம் பார்க்கத் தெரிகிறது. தண்ணீர் பார்க்கத் தெரியவில்லை.

இறக்குவதற்கு முன், செத்த எஞ்சினிலிருந்து க்ளட்ச் பிளேட்டைக் கழற்றி இதில் மாட்டினான். போன மாதம்தான் புதிதாகப் போட்டது, வீணாகலாமா? வட்டமான தகடு. ஒரு பக்கம் தட்டை. மறுபக்கம் நடுவில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும்.

நீட்டிய பக்கம் எஞ்சினைப் பார்க்கிற மாதிரி வைத்தான்.

அவள் பார்த்தாள்.

நீல வண்டிக்கு க்ளட்ச் மாற்றிய அன்று பட்டறையில் ஸ்டூல் போட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தவள் அவள். நீட்டிய பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். மாறி விழுந்தால் க்ளட்ச் விடாது. கியர் விழாது. மொத்த எஞ்சினையும் திரும்பத் தூக்க வேண்டும்.

"ஏனுங்க, அந்தப் பிளேட்டு..."

அவன் திரும்பக்கூட இல்லை.

"உனக்கென்ன தெரியும்? போய்க் காப்பி வை, போ."

சென்னியப்பன் சிரித்தார். "எனக்குச் சக்கரை கம்மியா, தாயி."

போனாள். காப்பி வைத்தாள். நன்றாகவே வைத்தாள், ஒருத்தருக்குச் சர்க்கரை குறைத்து.

தூ, என்று மனசுக்குள் ஒரு தடவை துப்பிவிட்டுத்தான் டம்ளரை எடுத்து வந்தாள்.

மூன்று மணிக்கு எல்லாம் பூட்டி முடிந்தது. அவன் முகமெல்லாம் கிரீஸ். அதைத் துடைக்கவில்லை. தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டாமா?

வெள்ளை வண்டிக்குச் சந்தனம், குங்குமம். கற்பூரம் காட்டினார்கள். நான்கு சக்கரத்துக்கும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம்.

சாவியைத் திருப்பினான். எடுத்த எடுப்பிலேயே எஞ்சின் பிடித்தது.

பிடிக்காமல் என்ன செய்யும்? தினம் காலையில் தண்ணீரும் ஆயிலும் பார்த்து அவள் வளர்த்த எஞ்சின்.

"பாத்தியாடி?" என்றான்.

க்ளட்சை மிதித்தான். கியரைத் தள்ளினான்.

கர்ர்ர்ர்.

இன்னொரு தடவை. கர்ர்ர்ர்.

சென்னியப்பன் கையைக் கட்டிக்கொண்டார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினான். வண்டி இருந்த இடத்திலேயே நடுங்கியதே தவிர ஒரு அங்குலம் நகரவில்லை. கீழே எலுமிச்சம்பழங்கள் நாலும் புதுக்கருக்கு அழியாமல் இருந்தன.

"நீட்டிட்டிருக்கற பக்கம் கியர்பாக்ஸைப் பாக்கோணும்" என்றாள் அவள். "மாத்தி வெச்சிருக்கறீங்க."

எஞ்சினை அணைத்தான். காது வரைக்கும் சிவந்திருந்தது.

"முன்னமே சொல்லித் தொலையறதுக்கென்ன?"

"காப்பி வெக்கச் சொன்னீங்களே."

சென்னியப்பன் தொண்டையைக் கனைத்தார். தலைக்கு மேலே செயின் பிளாக்கைப் பார்த்தார். "மாப்ள, மறுக்கா மேல தூக்கோணுமாட்ட இருக்குது."

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தாள். ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றி வந்து நான்கு எலுமிச்சம்பழங்களையும் பொறுக்கினாள். தூசியை முந்தானையில் துடைத்தாள்.

கேட்டோரம் நீல வண்டி மூடியைத் திறந்துகொண்டு நின்றது. உள்ளே எஞ்சின் இருந்த இடம் காலியாக இருந்தது.

அதன் சக்கரங்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாக வைத்தாள். நாலாவதைக் கொஞ்சம் நகர்த்தி நேராக்கினாள்.

"தூக்குங்க" என்றாள். "எறக்கற எடத்துல எலுமிச்சம்பழம் வெச்சாச்சு."