இறால் அளவுகளுக்கு நாவூறு

உலகத்தின் அறிவெல்லாம் உலகத்துக்கே சொந்தம் என்பதை யாழ்ப்பாணத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவர் எங்கள் விலங்கியல் விரிவுரையாளர் சோமசேகரம்தான். ஆய்வுகூடத்து யன்னலால் வரும் காலை வெயில், போத்தல்களுக்குள் மிதக்கும் அரியாலைக் கடல் இறால்களைப் பொன்னாக்கிக்கொண்டிருக்கிறது. அவர் பொடி எண்களால் நிறைந்த அரைத்தாள் ஒன்றை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, மாணவர்களாகிய எங்களுக்குக் கதை சொல்கிறார். "எங்கடை நாகலிங்கம் மாஸ்டர் தன்ரை நண்டு அளவுகளை ஒருத்தருக்கும் காட்டமாட்டாராம். கண்ணூறு, நாவூறு பட்டிடுமாம்! உவர் என்ன, பச்சைப்பிள்ளையோ பெத்து வைச்சிருக்கிறார்?" நாங்கள் சிரிக்கிற சிரிப்பில் கண்ணாடிப் போத்தல்கள் கிணுகிணுக்கின்றன. உதவி விரிவுரையாளர் பத்மாசினி மட்டும் சிரிக்காமல் கிட்ட வருகிறார். "அப்ப சேர், உங்கடை இறால் அளவுகளை எனக்குத் தருவீங்களோ? அதில்லாமல் என்ரை கட்டுரை அந்தரத்திலை நிக்குது. இண்டைக்குத் தபாலிலை போடாட்டில் சஞ்சிகையிலை வராது." சேரின் கட்டுரையும் அதே இறாலைப் பற்றியதுதான், அது இன்னும் தலைப்பைத் தாண்டவில்லை. "ஓம் பிள்ளை, அதுக்கென்ன! உந்தத் தாள்தான், கொண்டுபோம்." பத்மாசினி முகமெல்லாம் மலர்ந்து, தாளை வைத்துக் கொண்டுபோகக் கைப்பைக்குள் ஒரு கடித உறை தேடுகிறார். சேர் யன்னலுக்கு வெளியே ஏதோ அபூர்வமான பறவையைப் பார்ப்பவர்போல முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவருடைய இடதுகை மட்டும் மேசையிலிருந்த மைப்போத்தலை மெல்லச் சரிக்கிறது. தாளின் நடுவே, நீளங்கள் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு, வட்டமாக, ஈரம் மினுங்க, கறுத்த பொட்டு ஒன்று விழுகிறது.