கையசைக்கத் தடை

முதல் தட்டை ஹெட்விக் வாசற்படியிலேயே போட்டு உடைத்தாள்.

நீலப்பூ போட்ட பீங்கான். அவளுடைய சொந்தக் கல்யாணத்துக்கு வந்தது. கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் அலமாரியை விட்டு இறங்கும்.

வாசலுக்கு எதிரே முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் எர்லா ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேற்கு ஜெர்மனி. அங்கே, மாவு ஆலையின் சுவரோரமாக அவள் மகள் ரெனாட்டே நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில், நாளைக்கு அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற லோரென்ஸ்.

மலையில் பனி உருகும் மாதம். ஊசியிலைக் காட்டிலிருந்து தேநீர் நிறத்தில் இறங்கிவரும் எர்லா, கோடையில் முழங்காலைக்கூட நனைக்காது. ஏப்ரலில் மட்டும் பாறைக்குப் பாறை மோதி ஊரையே செவிடாக்கும். அக்கரைக்குக் கத்தினால் பாதி வழியிலேயே தண்ணீர் அதை வாங்கி வைத்துக்கொள்ளும்.

ஒரே ஊர்தான். பாலம் இருந்தவரை அக்கரையில் போய் ரொட்டி வாங்கிவருவார்கள். பாலத்தை எடுத்த அன்று ரெனாட்டே அக்கரைக்கு வேலைக்குப் போயிருந்தாள். அவ்வளவுதான், அங்கேயே நின்றுபோனாள். ஆறு மட்டும் ஊரெல்லையில் வளைந்து, யாரையும் கேட்காமல் மேற்குக்குள் போய்விடும்.

இக்கரையில் இருப்பவர்கள் அக்கரையைப் பார்த்துக் கையசைக்கக் கூடாது. தலையசைக்கவும் கூடாது. போன இலையுதிர் காலத்தில் தச்சர் ஒருநாள் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். மறுநாள் லாரி வந்து குடும்பத்தோடு ஏற்றிக்கொண்டு போனது. அந்த வீட்டில் இப்போது காவலுக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஞாயிறுதோறும் ரெனாட்டே வந்து நின்று கை ஓயும்வரை அசைப்பாள். ஹெட்விக் தன் கைகளை ஏப்ரனுக்குள் சுருட்டிக்கொண்டு நிற்பாள்.

இன்றைக்கு அப்படி நிற்க முடியாது. கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் பெண் வீட்டு வாசலில் பீங்கான் உடைய வேண்டும். உடையாவிட்டால், பெற்றவர்கள் மனசார அனுப்பிவைக்காத பெண் என்று ஆகிவிடும்.

இரண்டாவது தட்டு.

காவலுக்கு நின்ற சிப்பாய் துப்பாக்கியைப் பிடித்தபடி ஓடிவந்தான்.

"என்னம்மா பண்றீங்க?"

"பாத்திரம் கழுவுறேன் தம்பி. கை வழுக்குது."

"வாசல்ல வந்தா கழுவுவாங்க?"

"தட்டு உடைக்கக் கூடாதுன்னு எங்கயாவது பலகை மாட்டியிருக்கீங்களா? காட்டுங்க, நிறுத்திடறேன்."

சிப்பாய் யோசித்தான். எல்லாவற்றுக்கும் பலகை இருந்தது. இதற்கு இல்லை.

மூன்றாவது தட்டு ஆற்றின் இரைச்சலையும் கிழித்துக்கொண்டு உடைந்தது.

இரண்டு வீடு தள்ளி ஒரு கதவு திறந்தது. தபால்காரர் குர்ட், மூக்குடைந்த பீர் ஜாடியோடு வந்தார். "எனக்கும் ரெண்டு நாளா கை நடுக்கம்" என்று சிப்பாயிடம் சொல்லிவிட்டு, ஜாடியை ஓங்கிப் போட்டார்.

பக்கத்து வீட்டு எம்மி ஒரு கண்ணாடிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அடியே, கண்ணாடியை உள்ள கொண்டு போ. கண்ணாடி உடைஞ்சா ஆகாது. வாழப்போற பொண்ணுடி" என்றாள் ஹெட்விக்.

எம்மி உள்ளே போய், மாமியார் கொடுத்த பெரிய சூப் கிண்ணத்தோடு திரும்பிவந்தாள். "இது எப்படா உடையும்னு எத்தனை வருஷமா காத்திருக்கேன் தெரியுமா?"

ஒவ்வொரு கதவாகத் திறந்தது. காது போன கோப்பைகள், ஜோடி இழந்த சாசர்கள், நல்ல பூச்சாடி ஒன்றும்கூட.

அக்கரையில் லோரென்ஸ் ஆலைக்குள் ஓடினான். நீளக் கம்பு போட்ட ஒரு துடைப்பத்தோடு வந்தான்.

உடைந்ததை மணமக்கள்தான் பெருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே கம்பைப் பிடித்துக்கொண்டு. அவர்கள் கரையில் ஒரு சில்லுகூடக் கிடையாது. ஆனாலும் இருவருமாகக் கம்பைப் பிடித்து, வெறும் கூழாங்கற்களைப் பெருக்கினார்கள். மெதுவாக, ஒரு மூலை விடாமல்.

ஹெட்விக் கைகளை மறுபடி ஏப்ரனுக்குள் சுருட்டிக்கொண்டாள். ஏப்ரனுக்குள் வலக்கை துடித்தது. லாரியை நினைத்து அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் சிப்பாய் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். ஜீப் வந்து நின்றது. அதிகாரி இறங்கி, பீங்கான் நொறுங்க நொறுங்க நடந்து வந்தார். ஆற்றுக்கு முதுகைக் காட்டி, ஊர்க்காரர்களைப் பார்த்து நின்றார்.

"இது யாரோட வேலை?"

பாதியை ஆறு விழுங்கியது. அவர் குரலை இன்னும் உயர்த்தினார்.

"உடைச்சவங்க யார் யாரு? கையைத் தூக்குங்க."

ஹெட்விக் அவரைப் பார்த்தாள். அவர் தோளுக்கு மேலே, அக்கரையைப் பார்த்தாள்.

பிறகு ஏப்ரனிலிருந்து வலக்கையை எடுத்தாள். தலைக்கு மேலே, முழங்கை நிமிர, ஐந்து விரலும் விரியத் தூக்கினாள்.

குர்ட் தூக்கினார். எம்மி இரண்டு கையையும் தூக்கினாள். எதையும் உடைக்காதவர்கள்கூடத் தூக்கினார்கள். தெரு முழுக்கக் கைகள். வயதானவர்களின் கைகள், கொஞ்சம் ஆடத்தானே செய்யும்.

அக்கரையில் துடைப்பம் கீழே விழுந்தது. ரெனாட்டே இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தி அசைத்தாள்.

எல்லோருடைய கண்ணும் தன்னைத் தாண்டிப் போவதை அதிகாரி அப்போதுதான் கவனித்தார். திரும்பிப் பார்த்தார். மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது அவர் முகம் கழுத்துவரை சிவந்திருந்தது.

"போதும், கையை இறக்குங்க. இறக்குங்கன்னு சொல்றேன்ல."

யாருக்கும் கேட்கவில்லை. ஏப்ரலில் எர்லா அப்படித்தான்.