வியாழக்கிழமை நாடகம்

இப்போதெல்லாம் எவனுக்கும் கண்ணே தேவைப்படுவதில்லை.

படத்துக்கு முன்னால் வருகிறான். போனைத் தூக்குகிறான். எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். சுவரில் இருந்தது ஆளா ஆடா என்று கேட்டால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துத்தான் சொல்வான்.

அவர் கைத்தடியை ஊன்றிச் சுவரோரமாக நகர்ந்தார்.

லண்டனில் அந்தக் கண்காட்சி மண்டபம் முழுக்கக் கார்ட்லி துரையின் படங்கள். செத்துப்போன டைரக்டர். ஊமைப்படக் காலத்தில் கேமராவைச் சுமந்து திரிந்த பொடியன். டெலிவிஷன் வந்த புதிதில் அதில் நாடகம் போட்டவர். பிறகு சினிமாவுக்கே திரும்பிக் கிழவரானவர்.

சினிமாவுக்கு ஒரு சுவர் முழுசாக. டெலிவிஷனுக்கு ஒரே ஒரு படம். அதிலும் துரை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

அவர் தேடி வந்தது துரையை இல்லை.

மகளை.

அந்தக் காலத்தில் ஒரு டெலிவிஷன் நாடகத்தின் சந்தைக் காட்சிக்குக் கறுத்த பிள்ளை வேண்டுமென்று, இவர் சமைத்துக்கொண்டிருந்த ஓட்டலுக்கே வந்து கேட்டார் துரை. படிக்கட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு தின்றாள் மகள் வேதவல்லி. அவ்வளவுதான் வேடம்.

அந்தக் குளிர் முடிவதற்குள் நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டாள்.

ஒரு போட்டோ கிடையாது. முகமும் இப்போது சரியாகப் பிடிபடுவதில்லை.

அங்கே பொறுப்பாக நின்ற பெண்ணைப் பிடித்து அந்த நாடகத்தைக் காட்டச் சொன்னார். சுபாஜினி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"அந்த நாடகம் இல்லை, ஐயா. அப்ப ஒண்டையும் பதிஞ்சு வைக்கேல்லை. நடிக்க நடிக்கவே வீடுகளுக்குப் போயிடும். காத்தோட சரி."

"என்னம்மா கதை விடுற? ஞாயித்துக்கிழமை போட்டான். திரும்ப வியாழக்கிழமையும் போட்டான். எடுத்து வைக்காமலா ரெண்டாந்தடவை போட்டான்?"

ஓட்டல் முதலாளியின் அறை வாசலில் நின்று இரண்டு நாளும் அவரே டெலிவிஷனில் பார்த்தது. அதே படிக்கட்டு. அதே பிள்ளை.

"அது திரும்ப நடிக்கிறது, ஐயா. வியாழக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு முதல்ல இருந்து ஆடுவினம். அந்தக் காலத்து வழக்கமே அதுதான்."

"எல்லாரையுமா?"

"ஓம். எல்லாரும் வரத்தான் வேணும்."



அந்த வியாழக்கிழமை மகள் வீட்டில் கிடந்தாள். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. வெளியே விடாத மழை. நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வேலைக்குக் கிளம்புங்கள் என்றாள் மனைவி குஞ்சம்மாள். வேலை முடிந்து வந்து பார்த்தார். பிள்ளை அதே கம்பளிக்குள் கிடந்தாள். தலைமுடி ஈரமாக இருந்தது.

வேர்வை என்றாள் குஞ்சம்மாள்.

அதற்குப் பிறகு சாகிறவரைக்கும் அவள் வியாழக்கிழமை சாப்பிட்டதில்லை. விரதம் என்பாள். எந்தச் சாமிக்கு என்று இவர் கேட்டதில்லை.

"ஐயா, கொஞ்சம் இருங்கோ. தண்ணி கொண்டு வரட்டே?"

"உனக்குத் தெரியாதும்மா. எங்கேயாவது எடுத்து வெச்சிருப்பான். இவனுங்க பேச்சை நம்பி நீயும் சொல்ற. தேடிப் பாரு."

"தேடிட்டம், ஐயா."

"நீங்க தேடின லட்சணம்."

வாசலைப் பார்த்து நடந்தார். பின்னாலேயே வந்து அவள் ஏதோ சொன்னாள். காதில் வாங்கவில்லை.

"எடுத்து வெச்சிருப்பான்" என்று கதவைத் தள்ளினார்.

"வெச்சிருக்கணும்."