தனியே போகாத மட்டக்குதிரை

லாயத்தின் கேட்டைத் தாண்டி நாலடி வைத்ததும் மட்டக்குதிரை நின்றுவிடுகிறது. மழை விட்ட காலை. பாதை நெடுக வெளிச்சம் குட்டைகுட்டையாகத் தேங்கிக் கிடக்கிறது. மேலே உட்கார்ந்திருக்கும் தங்கை குதிகாலால் விலாவில் தட்டுகிறாள். அது காதுகளை மடித்துக்கொண்டு, வந்த வழிக்கே உடம்பை வளைக்கிறது. "நட சனியனே, உனக்கு என்னதான் வேணும்?" பிரம்பு கழுத்தில் சுளீரென்று விழுகிறது. குதிரை துள்ளவில்லை. தலையைத் தூக்கி நீளமாகக் கனைத்துவிட்டு, பதிலுக்காகக் காதுகளை நிமிர்த்துகிறது. பதில் வருவதாக இல்லை. எப்போதும் அக்காவின் பெரிய குதிரை முன்னால் போகும். இது அதன் வாலில் மூக்கை வைத்தபடி பின்னாலேயே போகும். இதைத் தனியே போகப் பழக்கவேண்டுமென்று சகோதரிகள் இருவருக்குமே தோன்றியதில்லை. போன வாரச் சண்டையில், "உன் குதிரையையும் ஓட்டிக்கிட்டுக் கிளம்பு" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னவள் இவள்தான். அக்கா அன்றே பெரிய குதிரையோடு கிளம்பிவிட்டாள்.

கேட்டில் சாய்ந்தபடி தங்கையின் கணவன், "அக்காவுக்கு ஒரு போன் போடேன்மா" என்கிறான். அவள் இறங்குகிறாள். கழுத்தில் தடித்திருக்கும் பிரம்புத் தடத்தை விரலால் நீவிக்கொடுக்கிறாள். பிரம்பை வேலியோரம் போட்டுவிட்டு, கடிவாள வாரைப் பிடித்தபடி முன்னால் நடக்கிறாள். குதிரை அவள் முதுகில் மூக்கை வைத்து, சாதுவாகப் பின்னால் வருகிறது. அதன் மூச்சு சட்டையைத் தாண்டிச் சுடுகிறது. முன்னால் பாதை வெறிச்சென்று கிடக்கிறது. யார் பின்னால் போவதென்று அவளுக்குத்தான் தெரியவில்லை.